கடல் தந்த திருவோடு

வடநாட்டு யாத்திரைத் தலங்களில் துறவியர் சிலரின் கையில் கருநிறத் திருவோடு ஒன்றைக் காணலாம். ஓடம் போன்ற வடிவம். தேய்ந்து தேய்ந்து மெருகேறிய கறுப்பு. மண்ணால் வனைந்ததன்று, உலோகத்தால் வார்த்ததுமன்று. இந்தியப் பெருங்கடலின் நடுவே, செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு பனையின் கொட்டை ஓடு அது.

நாட்டு மருந்துக் கடைகளில் இதற்குக் ‘கடல் தேங்காய்’ என்று பெயர். ஆயினும் தென்னையைவிட நம் பனைக்கே இது நெருங்கிய சுற்றம். விசிறியாய் விரியும் ஓலை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இளங்காயைப் பிளந்தால் நுங்கைப் போன்ற வழுவழுப்பான சதை. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நுங்கென்றே உண்பர்!

மரம் நிற்கும் இடத்தை 1768 வரை வெளியுலகம் அறிந்ததில்லை. காய்கள் மட்டும் மாலத்தீவுக் கரைகளிலும் பாரதக் கரைகளிலும் வந்து ஒதுங்கின. கடலடியில் அம்மரம் வளர்வதாக மக்கள் நம்பினர். மலாய்க் கடலோடிகளோ, நடுக்கடலில் நிற்கும் அம்மரத்தில் கருடன் வாழ்வதாகக் கதை சொன்னார்கள். மாலத்தீவில் ஒதுங்கிய காய் அரசருக்கே உரியது. ஐரோப்பியப் பேரரசர் இரண்டாம் ருடால்ப் ஒரு காய்க்கு 4000 பொற்காசுகள் தர முன்வந்ததாகக் கூறுவர். பேரரசர் பொன் கொடுத்துத் தேடிய அதே ஓட்டில்தான் இங்கே ஆண்டி பிச்சை ஏற்றான்.

முளைக்கும் திறனுள்ள கொட்டை 20 கிலோ அளவுக்குக்கூடக் கனக்கும். நீரில் விழுந்தால் மூழ்கிவிடும். உள்ளிருக்கும் பருப்பு அழுகிக் கரைந்து, ஓடு வெறுமையான பின்னரே அது மேலெழுந்து மிதக்கும். எனவே அலை கொண்டு சேர்த்த கரைகளில் ஒரு காயும் முளைத்ததில்லை.

தீவு மக்கள் அதன் ஓலையால் கூரை வேய்ந்தனர். தொப்பியும் கூடையும் முடைந்தனர். ஓடு தண்ணீர்ப் பாத்திரமாகவும் படகில் புகுந்த நீரை இறைக்கும் அகப்பையாகவும் பயன்பட்டது. குருத்தோலையின் பஞ்சு தலையணைக்குள் சென்றது.

ஆனால் மரமோ மிக நிதானமானது. காய்ப்பதற்கே 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். ஒரு காய் முற்ற 6, 7 ஆண்டுகள். பருப்புக்கு விலை ஏறியதும் திருட்டும் ஏறியது. தரையில் விழும் கொட்டையெல்லாம் பொறுக்கப்பட்டால் இளங்கன்று எங்கிருந்து வரும்? இன்று அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

பிராஸ்லின் தீவில் அப்பனைகள் அடர்ந்த பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 1983ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரசின் அனுமதிச் சீட்டின்றி ஒரு கொட்டையையும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல இயலாது. பயணிகள் வாங்கிச் செல்வதும் பெரும்பாலும் பருப்பு நீக்கிய வெற்று ஓட்டையே.