தடிப்பும் ஆத்தாளும்

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் குழந்தை இளைத்துப் போகும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதை அடக்க வைத்தியர்கள் கொடுப்பது கார்பிமசோல் அல்லது மெத்திமசோல் என்கின்ற மாத்திரையாகும். இதைச் சாப்பிடுகின்றவர்களில் 100க்குச் சுமார் 5 பேருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், தோலில் அரிப்பும் சிவந்த தடிப்பும் உண்டாகின்றன. இது மருந்து உடலுக்கு ஒவ்வாமையால் வருவதேயல்லாமல் வேறல்ல.

ஆனால் இன்றும் பல வீடுகளில் நடப்பதென்ன? மேனியில் நாலு தடிப்புக் கண்டவுடனே "ஆத்தா வந்துவிட்டாள்" என்று வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரையையும் நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரையில் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடுகின்றார்கள். பெரியம்மை 1980-ம் வருஷத்திலேயே உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது அம்மை குத்தும் ஊசியா, பூசாரியின் தீர்த்தமா? வந்திருப்பது மணல்வாரியோ சின்னம்மையோ ஆனாலும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியரேயாவார்.

தடிப்பு இலேசானதாயின், அரிப்புக்கு மருந்து கொடுத்து மாத்திரையைத் தொடர்வதா, வேறு சிகிச்சைக்கு மாற்றுவதா என்பதை அவர் தீர்மானிப்பார். தாமே நிறுத்தினால் பழைய நோய் திரும்பும். தாமே கடையில் வேறு மாத்திரை வாங்குவது அதைவிட ஆபத்து. இதே நோய்க்கான புரோபைல்தயோயுராசில் குழந்தைகளின் ஈரலைக் கெடுக்கக்கூடும் என்று 2010-ல் அமெரிக்க மருந்து அதிகாரிகள் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கின்றார்கள்.

இனிச் சொல்வதைத் தாய்மார்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். இம்மாத்திரை சாப்பிடும் குழந்தைக்குக் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ கண்டால் உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏனெனில், 1000க்கு 2 முதல் 5 பேருக்கு, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை இம்மருந்து அடியோடு குறைத்துவிடக்கூடும். தோல் கொப்பளித்தாலும், முகம் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்தக் காய்ச்சலை ஆபத்தின் அறிகுறி என்று வைத்தியம் சொல்லுகின்றதோ, அதே காய்ச்சலைத்தான் மூடநம்பிக்கை ஆத்தாளின் வருகை என்று கொண்டாடுகின்றது! மருந்தின் குற்றத்தை மருந்தறிந்தவனிடம் கேட்பதா, வேப்பிலையிடம் கேட்பதா? மற்ற காரியங்களில் தாமதித்தால் பணம் போகும்; இதில் தாமதித்தால் போவது குழந்தை என்பதைப் பெற்றோர்கள் யோசிப்பார்களாக.