சிறுநீரக நோயாளியின் தட்டை யார் பார்ப்பது?

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் மரக்கறி போகிறது. இந்நகரை அடுத்துள்ள வடமத்திய மாகாணத்திலோ, 1990களிலிருந்து காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் இவர்களோடு சேர்கிறார்கள்.

2021இல் பொலன்னறுவையில் சீன உதவியுடன் சிறுநீரக நோய்க்கான தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. இப்பிரச்சினை பேசப்படும்போதெல்லாம் கட்டடங்களும் டயாலிசிஸ் இயந்திரங்களுமே கணக்கிடப்படுவதை நான் கவனிக்கிறேன். நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

டயாலிசிஸ் செய்வோரில் பலருக்கு இரைப்பை மெதுவாகவே வெறுமையாகிறது. நீண்டகால நீரிழிவு இரைப்பையை இயக்கும் நரம்புகளைக் கெடுப்பது இதற்கு முக்கிய காரணம். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும்; குமட்டலும் வாந்தியும் வரும். இன்சுலின் போடுபவருக்கு, உணவு செரிக்குமுன் மருந்து வேலை செய்து சீனி சடுதியாகக் குறையலாம்.

டயாலிசிஸ் தொடங்கியதும் புரதத் தேவை கூடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். அதற்கு முன்னர் கேட்ட 'புரதத்தைக் குறையுங்கள்' என்ற அறிவுரையைத் தொடர்ந்தால் உடல் தேயும். கஞ்சி, சூப் என்று இலகுவாகக் குடிக்கவும் நீர்க்கட்டுப்பாடு விடாது.

தராசும் ஏமாற்றும். தசை குறையும் இடத்தில் நீர் தேங்குவதால் எடை மாறாததுபோல் தெரியும்.

ஒருநாள் உணவை ஐந்து, ஆறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும், எண்ணெயைக் குறைப்பதும், முட்டை வெள்ளைக்கரு, மென்மையாகச் சமைத்த மீன் போன்றவற்றைச் சேர்ப்பதும் உதவும். மரக்கறியைச் சிறிதாக வெட்டி அவித்து நீரை ஊற்றிவிட்டால் பொட்டாசியம் குறையும். வயிறு சீக்கிரம் நிறைவதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு 2025இல் மாதம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மீனும் முட்டையும் விற்கும் விலையில் அது எத்தனை நாளைக்குக் காணும்? ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவிலும் போஷாக்கு ஆலோசகர் ஒருவர் இருப்பது இயந்திரத்துக்கு இணையான தேவை என்பதே என் கருத்து. இரத்தம் சுத்தமாகி வீடு திரும்புபவர் பட்டினியால் மெலிந்துபோனால், அந்தச் சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள்.