அட்டையில் பணம் இருந்தும் அபராதமா?

லண்டனுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் பலருக்கு வங்கிக் கணக்கு கைகூடுவதற்கு முன்பே ஆய்ஸ்டர் அட்டை வந்துவிடுகிறது. ரொக்கத்தை ஏற்றினால் போதும், பயணத்தைத் தொடங்கிவிடலாம். ஈஸ்ட் ஹாமில் இவர்களுக்கு அபராத மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். என்னைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் அட்டையைத் தொட்டு, பணத்தோடுதான் ரயில் ஏறியிருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கி விழ வைப்பது வழித்தட விதி.

எலிசபெத் ரயிலைப் பாருங்கள். மேற்கே ரெடிங் வரை போகிறது. ஆனால் ஆய்ஸ்டர் வெஸ்ட் டிரேட்டன் வரைதான் செல்லும். அதைத் தாண்டி ஸ்லவ்வுக்கு வேலைக்குப் போகிறவர், பக்கத்து இருக்கைக்காரரைப் போல வங்கி அட்டையைத் தொட்டிருந்தால் சிக்கல் இல்லை; ஆய்ஸ்டரைத் தொட்டதால் அபராதம். காரணம் தொழில்நுட்பம். 2003இல் வந்த ஆய்ஸ்டரில் நிலையக் கருவியே கட்டணத்தைக் கணக்கிட்டு அட்டையில் பதிந்துவிடும். வங்கி அட்டைக்கோ மையக் கணினி பின்னர் கூட்டிப் பார்க்கிறது. புது நிலையங்களைச் சேர்ப்பது அதற்கு எளிது. பழைய தொழில்நுட்பத்தின் குறைக்கு, வங்கி அட்டை இல்லாதவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? நகருக்குள் அவர் ஏறிய நிலையத்தில் கதவு திறந்துதானே விட்டது?

ரயில் மாறும் சில நிலையங்களில் உள்ள பிங்க் நிறக் கருவியின் கதை வேறு. ஈஸ்ட் ஹாமிலிருந்து வெம்பிளி சென்ட்ரலுக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட், வில்ஸ்டன் சந்திப்பு என்று சுற்றிப் போனால் நகர மையமான முதல் மண்டலத்துக்குள் நுழைய வேண்டாம், கட்டணமும் குறையும். ஆனால் ரயில் மாறும் இடத்தில் பிங்க் கருவியில் அட்டையைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால், மையத்தின் வழியாகப் போனதாகவே கணக்கு முடிந்துவிடலாம். இது அபராதம் அல்ல, கூடுதல் கட்டணம்தான். ஆனாலும் தினமும் போய்வரும் கூலிக்காரருக்கு அது சிறு தொகை இல்லை.

அபராதக் கட்டணம் 2024 மார்ச்சில் 80 பவுண்டிலிருந்து 100 ஆனது. 21 நாளுக்குள் கட்டினால் பாதி. கதவைத் தாண்டிக் குதிப்பவருக்கு இது தகும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏறியபோது தொட்டதற்கான பதிவும் மீதிப் பணமும் உள்ள அட்டையைப் பரிசோதகரிடம் நீட்டுபவருக்கும் அதே தொகையா? முதல் முறை என்றால் மீதித் தூரத்துக்கான கட்டணத்தை மட்டும் வாங்கட்டும். மீண்டும் மீண்டும் செய்பவரிடம் நூறைக் கேட்கட்டும். ஆய்ஸ்டர் எதுவரை செல்லும் என்று பலகை வைத்திருக்கிறோம் என நிர்வாகம் சொல்வது இதற்குப் பதிலாகாது.

விதி மாறும்வரை ஒன்று செய்யுங்கள். அட்டையை உங்கள் பெயரில் இணையத்தில் பதிந்து வையுங்கள். அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் பயணப் பதிவை எடுத்துக்கொண்டு 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். பயந்துபோய்ச் சீட்டை மூலையில் போட்டுவிட்டு, கெடு முடிந்த பிறகு வருபவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை.