கேஸ்கட் மேல் விழும் பழி

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பக்கம் போனாலும் பட்டுக்கோட்டை பக்கம் போனாலும், சாலையோரப் பட்டறை எதிலாவது பழைய டீசல் கார் ஒன்று பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். குவாலிஸ், பொலேரோ, இண்டிகா, ஸ்விஃப்ட், பழைய இன்னோவா என்று ஏதோ ஒன்று. ஹெட் கழன்று சாக்கின் மேல் கிடக்கும். என்ன கோளாறு என்று விசாரித்தால் பதில் தயார்: "தண்ணியில ஆயில் கலந்துடுச்சு சார். கேஸ்கட் போயிடுச்சு."

தண்ணீரில் ஆயில் கலந்தது உண்மையாகவே இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஃபில்டர் காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருப்பதை யாரும் பார்க்கலாம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட்தான் போனது என்று எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்டுப்பாருங்கள். "வேற எது வழியா சார் கலக்கும்?" என்பார்கள். வேறு வழி இருக்கிறது. பல டீசல் இன்ஜின்களில் முதலில் பார்க்க வேண்டியதே அந்த வழியைத்தான். அதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்குவது வைத்தியம் அல்ல, ஜோசியம். வேடிக்கை என்னவென்றால் வண்டிக்காரரும் இதே ஜோசியத்தை நம்புகிறார். மெக்கானிக் வாயைத் திறக்கும் முன்பே "ஹெட் கேஸ்கட்டுங்களா?" என்று இவரே எடுத்துக்கொடுக்கிறார். இருவரும் பேரம் பேசாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. டெல்டாவில் இன்ஜின் வேலை கற்றுக்கொடுத்த மூத்த கைகள் பலவும் ஆயில் இன்ஜினில் பழகியவை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று காத்திராமல், ஃபில்டர் பாயின்ட் போர் இறக்கி, குறுவை நாற்றங்காலுக்கு டீசல் இன்ஜின் வைத்து இறைத்த காலம் அது. அந்த இன்ஜினில் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கத் தனிப் பாகம் கிடையாது. டிராக்டரில் லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும் ரகங்கள் நிறைய. லைனர் அடியிலுள்ள ரப்பர் வளையம் செத்தால் தண்ணீர், ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கும். அம்பாசடர், பத்மினி பெட்ரோல் வண்டிகளிலும் ஆயில் கூலர் இல்லை. ஆக, அந்தத் தலைமுறையின் கையில் வந்த வண்டிகளில் ஆயிலும் தண்ணீரும் சந்தித்தால் கேஸ்கட், வெடித்த ஹெட், லைனர் ரப்பர் ஆகியவற்றைத் தவிர சந்தேகப்பட ஆளே இல்லை. அவர்கள் சொன்னது சரி. அதை அப்படியே 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கும் சொல்வதுதான் தப்பு.

டர்போ வைத்த டீசலில் ஆயில் கடுமையாகச் சூடேறும். அதனால் ஆயில் ஃபில்டரை ஒட்டியோ, பிளாக்கின் பக்கவாட்டு மூடிக்குள்ளேயோ ஆயில் கூலர் என்று ஒரு சின்னப் பெட்டியை வைத்திருப்பார்கள். மெல்லிய தகடுகளை அடுக்கிப் பற்றவைத்தது அது. ஓர் அடுக்கில் ஆயில் ஓடும், அடுத்த அடுக்கில் தண்ணீர் ஓடும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின் நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று எத்தனையோ வண்டிகளில் ஓடுகிறது; அதில் கூலர் ஃபில்டர் கூட்டோடு சேர்ந்தே இருக்கும். மாருதி 2020-ல் டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே நம் தெருவில் ஓடும் மாருதி டீசல் எல்லாமே வயதானவை, அவற்றின் தகடுகளும் வயதானவை.

ஓடும் வேகத்தில் ஆயில் அழுத்தம் மூன்று நான்கு பார் இருக்கும். தண்ணீர் பக்கம் ரேடியேட்டர் மூடியின் அளவுக்கு, சுமார் 1 பார்தான். கூலர் தகட்டில் ஊசித்துளை விழுந்தால் எது எங்கே போகும்? ஆயில் தண்ணீருக்குள் போகும். இன்ஜினை அணைத்த பிறகுதான் ஆயில் அழுத்தம் பூஜ்யமாகி, சூடான தண்ணீருக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் வாய்ப்புக் கிடைக்கும். அதனால்தான் கூலர் ஓட்டையில் தண்ணீர்த் தொட்டி அசிங்கமாகவும் டிப்ஸ்டிக் ஏறக்குறைய சுத்தமாகவும் இருக்கும். ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். ஆனால் நீலப்புகை இராது, நிறுத்திய இடத்தில் சொட்டும் இராது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் கை முதலில் கூலரைத் தேட வேண்டும்.

கேஸ்கட் வழக்கமாகப் போவது இப்படி அல்ல. பெரும்பாலும் அது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே கருகும். டீசலில் எரிபொருள் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் 60 பாரைத் தாண்டிய அழுத்தம். டர்போ இன்ஜின்களில் 100-ஐயும் தாண்டும். அது தண்ணீரில் புகுந்தால் சத்தம் போடாமல் இருக்காது. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸை ஒரு கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடேறவே இல்லை, ஆனால் ஒரு நிமிஷத்துக்குள் ஹோஸ் கல்லாக விறைக்கிறது என்றால், அந்த அழுத்தம் சூட்டினால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து வந்தது. மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழ் வரும். ரிசர்வ் டேங்க் பொங்கி வழியும், சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்காது. இதற்கென்று நீல நிறத் திரவம் ஒன்றும் விற்கிறார்கள்: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்பட்சத்தில் நிறம் பச்சை, மஞ்சள் பக்கம் மாறும். அந்தக் கருவி ஒன்றும் ராக்கெட் அல்ல. டெல்டாவில் எத்தனை பட்டறைச் சுவரில் அது தொங்குகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படுவதில்லை. வண்டி எப்போதாவது ஹீட் ஆச்சா? கேஸ்கட் சும்மா இருந்து போவது அபூர்வம். தண்ணீர் வற்றியோ, ஃபேன் ஓடாமலோ முள் சிவப்புக்கு ஏறி ஹெட் கோணிய வரலாறு பெரும்பாலும் இருக்கும். முள் நடுவை விட்டு அசைந்ததே இல்லை, திருநள்ளாறுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒழுங்காகப் போய்வந்த வண்டி, திடீரென்று தண்ணீரில் ஆயில் என்றால், கேஸ்கட் மேல் பழி போட முகாந்திரமே குறைவு.

கேஸ்கட்டில் ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளை ஒன்று உண்டு. அதற்கும் பக்கத்து நீர்வழிக்கும் நடுவே அரித்துவிட்டால் கூலர் ஓட்டையைப் போலவே காட்சி தரும். அது நடக்காது என்று நான் சொல்லவில்லை. கூலரே இல்லாத இன்ஜின் என்றால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். கூலர் இருக்கும் இன்ஜினில், அதைக் கழற்றிச் சோதித்த பிறகே ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. ஆயில் துளைகளில் ஒன்றை ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி அடைத்து, மற்றதில் கம்ப்ரசர் காற்றை 4 பார் அளவில் விட்டு, வெந்நீர் நிரம்பிய அண்டாவில் முக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்கிவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தகடு சூட்டில் விரியும்போதுதான் சில விரிசல்கள் வாய் திறக்கும். முதலில் அடுக்குகளில் சிக்கிய காற்று பொலபொலவென்று வரும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது அடங்கிய பிறகு, தண்ணீர்த் துவாரத்தின் உள்ளிருந்து கடுகளவு குமிழ் ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று, அதே இடத்திலிருந்து விடாமல் வந்தால் முடிந்தது விசாரணை.

ஒரத்தநாடு பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் டீசல் கார் இந்த அண்டாவைப் பார்ப்பதற்குள் இரண்டு முறை ஹெட் இறங்கியது. முதல் தடவை கேஸ்கட்டை மாற்றி, லேத்தில் ஹெட்டை மட்டமாகத் தேய்த்து ஃபேஸ் அடித்தார்கள். தண்ணீர் மறுபடி கலங்கியதும் "ஹெட்டுல ஹேர்லைன் கிராக்" என்று சொல்லி ஹெட்டையே மாற்றினார்கள். மூன்றாம் முறை வேறொரு பட்டறையில் ஒரு பையன் ஃபில்டர் கூட்டைக் கழற்றி, கூலரை அண்டாவில் முக்கி ஓட்டையைக் காட்டினான். சம்பா நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நன்றாக இருந்த ஒரு ஹெட்டுக்குப் போனது. பட்டறையை மட்டும் திட்டிப் பயனில்லை. பிரித்து மாட்டினால் கூலி கொடுப்போம், அரைநாள் நின்று பார்த்து இது அல்ல, அது என்று சொன்னால் "பார்த்ததுக்கா காசு?" என்று கேட்போம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் கண்டுபிடிக்க யார் மெனக்கெடுவார்கள்?

கலங்கல் எல்லாமே ஆயில் என்று நம்புவதும் இதே ரகம். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று லேத்தில் பயன்படுத்தும் சொல்யூபிள் ஆயிலை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்னும் சாகவில்லை. ஊற்றினால் தண்ணீர் பால் வெள்ளையாகும், அது நோய் அல்ல. ஒழுக்கு அடைக்கும் மருந்து, ஒன்றோடொன்று சேராத இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்தது, வெறும் துரு எல்லாமே கசடாக மிதக்கும். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டு ஒரு மணி நேரம் வைத்தால் ஆயில் மேலே பிரியும், துரு கீழே படியும். யார் எதை ஊற்றினார்கள் என்று முன் சொந்தக்காரரையும் டிரைவரையும் கேளுங்கள். ஆட்டோ கியர் வண்டியில் சிவப்பு எண்ணெய் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரைப் பார்க்க வேண்டும், இன்ஜினை அல்ல.

கூலர் ஏன் அரிக்கிறது என்று கேட்டால் இன்னொரு நம்பிக்கை வெளியே வரும்: "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு? தண்ணி போதும்." கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் வந்ததல்ல. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு கரிக்கும். உள்ளே வந்தால் உப்பு குறைந்தாலும் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்தான். அதை அலுமினியமும் பித்தளையும் இரும்பும் ஒன்றாக நனைகிற இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டால் முதலில் தோற்பது மிக மெல்லிய தகடு. காய்ச்சி வடித்த தண்ணீரும் சரியான கூலன்ட்டும் ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு முறை ஃபேஸ் அடிக்கும் கூலிக்கு முன் தூசு.

"எதுக்கும் இருக்கட்டும், கேஸ்கட்டையும் ஒருதரம் மாத்திடலாம்" என்று ஒரு சமாதானம் வரும். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் டீசல் ஹெட் சும்மா திறந்து மூடும் மூடி அல்ல. பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டு இறுகியவை. மறுபடி அவற்றையே போட்டால் பிடி இருக்காது. கேஸ்கட்டும் ஒரே கனத்தில் வருவதல்ல: பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப்பார்க்கிறது என்று அளந்து, ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளை அடையாளத்தைப் பார்த்து வாங்க வேண்டும். சில ஹெட்களைத் தேய்க்கவே கூடாது என்று கம்பெனி மேனுவலே சொல்கிறது. மல்டிஜெட்டில் டைமிங் செயினையும் கலைக்க வேண்டும், அதற்குரிய பூட்டுக் கருவி இல்லாமல் கை வைத்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். நல்ல ஹெட்டை எதுக்கும் இருக்கட்டும் என்று இறக்கினால், இல்லாத நோயை வரவழைக்க இவ்வளவு வழிகள்.

கூலரை மாற்றியதோடு வேலை முடியாது. ஹோஸ், தெர்மோஸ்டாட் வளையம், வாட்டர் பம்ப் சீல் எல்லாம் ஆயில் பட்டால் ஊதிப்போகும் ரப்பர்; ஊதி நெகிழ்ந்த ஹோஸை அப்போதே மாற்றிவிட வேண்டும், வழியில் வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே ஒட்டியதைக் கரைக்க டீசல் ஊற்றுபவர்கள் மிச்ச ரப்பரையும் கெடுக்கிறார்கள். காஸ்டிக் சோடா போடுபவர்கள் அலுமினிய ரேடியேட்டரை ஓட்டையாக்குகிறார்கள். நுரை அதிகம் வராத சோப்புக் கரைசலும் வெந்நீரும் போதும்: தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடேற்றி ஓட்டி, வடித்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அப்படியும் ஹீட்டர் குழாயிலும் பிளாக்கின் மூலையிலும் பதுங்கியிருந்த ஆயில் கொஞ்ச நாளைக்கு மெல்லிய படலமாக மேலே வந்துகொண்டிருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையவில்லை, படலம் நாளுக்கு நாள் தேய்கிறது என்றால் அது பழைய பாக்கி. அந்தப் படலத்தைக் காட்டி "நான் அப்பவே சொன்னேனே, கேஸ்கட்டுதான்" என்று யாராவது ஸ்பேனரைத் தூக்கினால், சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டுங்கள்.