தாளில் அழியும் பிழை

 

ஆரணியில் பட்டு நெய்வோர் புதிய புட்டாவை நேரே தறியில் தொடங்குவதில்லை. முதலில் அதனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்ப்பார்கள். தாளில் நேர்ந்த பிழையை அழித்துவிடலாம். பட்டில் நேர்ந்த பிழையை அழிக்க இயலுமா?

ஊரமைக்கும் பணியும் இத்தகையதே. சாலையும் வடிகாலும் சிமெண்டில் எழுந்த பின், 'இதனை எங்கள் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்?' என்று தாய்மார்கள் கேட்டுப் பயனில்லை. முன்னரே கேட்கலாமென்றால், பொறியாளரின் வரைபடம் பலருக்கு விளங்குவதில்லை. விளங்காத ஒன்றைக் குறித்து எவர் வாய் திறப்பார்?

இக்குறையைப் போக்க விளையாட்டொன்று துணைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பும், 'மைன்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டு மோஜாங் நிறுவனமும் கைகோத்தன. அவ்விளையாட்டில் கட்டைகளை அடுக்கி எதையும் கட்டலாம், வேண்டாமெனில் இடிக்கலாம். மக்கள் புழங்கும் இடத்தை அவ்வாறே கணினியில் அமைத்து, அங்கு வாழ்வோரையே அழைத்து, தம் விருப்பப்படி மாற்றச் செய்தனர். கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியிலும், மும்பையின் கௌதம் நகரிலும் இம்முறை கையாளப்பட்டது. வியட்நாமின் ஹனோய் நகரில், தாங்கள் அச்சமின்றி நடமாட என்ன வேண்டுமென்பதைப் பெண்பிள்ளைகளே கட்டிக் காட்டினர்.

சிறுவர்களிடம் கேட்பதா என்று சிலர் எண்ணக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பானம் அருந்தியபோது வலப்புறம் ஒரு சிறுவரும், இடப்புறம் முதியோரும் இருந்தனர். முதியோருக்கு முதலில் தரலாமா என்று அச்சிறுவரிடமே அண்ணலார் அனுமதி கேட்டார்கள். அவர் இசையாததால் அவருக்கே அளித்தார்கள். உரிமையுடையவர் சிறியவராயினும் அவரைக் கேட்பதே நபிவழி.

ஆயினும் விளையாட்டு ஒரு கருவியே. பிள்ளைகள் கட்டியதைப் பாராட்டிவிட்டுப் பழைய வரைபடத்தின்படியே கட்டினால், அது ஆலோசனையன்று, வெறும் கண்துடைப்பு.

நமக்குக் கணினியும் வேண்டியதில்லை. ஆரணியிலோ, அதனை அடுத்த திருமலை போன்ற சிற்றூர்களிலோ தெருவில் வடிகால் வெட்டுமுன், நம் மஹல்லாவில் உளூச் செய்யும் இடத்தை மாற்றுமுன், தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து தீப்பெட்டிகளை அடுக்குங்கள். பெண்களும் முதியோரும் சிறுவரும் அவற்றை நகர்த்தட்டும். படியேற இயலாத பெரியவர் எந்தத் தீப்பெட்டியை எங்கே நகர்த்துகிறார் என்று பொறுமையுடன் பாருங்கள். அதன் பின்னர் அஸ்திவாரம் தோண்டலாம்.