சாவி யாரிடம் சார்?

உங்களிடம் எத்தனை பாஸ்வேர்ட் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஈமெயில், நெட் பேங்கிங், ரயில் டிக்கெட், வருமான வரி, பி.எஃப்., கரண்ட் பில், கேஸ் புக்கிங், மியூச்சுவல் ஃபண்ட், பையனின் ஸ்கூல் ஃபீஸ், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா வரவழைக்கிற ஆப். கை விரல் தீர்ந்து கால் விரலுக்குப் போயிருப்பீர்கள். அத்தனைக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. இருப்பது ஒன்றோ இரண்டோதான். மகள் பெயர், பிறந்த வருஷம், நடுவில் ஒரு அட் குறி. சரிதானே?

தப்பு உங்கள் மேல் இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு, அவ்வப்போது மாற்று என்ற ரோதனையைப் பரப்பியது அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக 2003-ல் பில் பர் என்பவர் எழுதிய குறிப்பு. ஓய்வு பெற்ற பிறகு, 2017-ல், அதில் நிறைய விஷயங்களுக்காக வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார் மனிதர். அதே வருஷம் நிஸ்ட்டும், களவு போனதாகத் தெரிந்தாலொழிய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று விதியைத் திருத்தியது. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு மட்டும் இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. மாற்று, மாற்று என்று உயிரை வாங்குகிறது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ அழித்துவிட்டு 2 போடுவார்கள். பாதுகாப்பு முடிந்தது!

ராக்யூ என்றொரு அமெரிக்க கம்பெனி, 2009-ல் 3.2 கோடி பாஸ்வேர்ட்களைப் பறிகொடுத்தது. பூட்டு கீட்டு எதுவும் கிடையாது, அப்படியே எழுத்து எழுத்தாக வைத்திருந்தார்கள். அதில் கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேரின் பாஸ்வேர்ட் 123456. அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ஒரு கடையில் திருடிய சாவியைத் திருடன் ஊரிலுள்ள எல்லாக் கதவிலும் போட்டுப் பார்ப்பான். உங்கள் பரோட்டா ஆப்பின் சாவியே ஈமெயிலையும் திறக்கும் என்றால் சிரிப்பு வராது.

ஆகவே பாஸ்வேர்ட் மேனேஜர் வேண்டும். எது? ‘டாப் டென்’ பட்டியல்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். நட்சத்திரம் போட்டுச் சிபாரிசு செய்கிற பல பேர், அவர்கள் கொடுத்த லிங்க்கை அழுத்தி நீங்கள் வாங்கினால் கமிஷன் பெறுபவர்கள். கலர் நன்றாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது என்பார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்: நாளைக்கு உன் கம்பெனியையே திருடன் சுருட்டிக்கொண்டு போனால், என் சாமான் அவனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா?

பி.காம். படித்தவனுக்கு உதாரணம் வங்கியிலிருந்துதான் வரும். லாக்கருக்கு இரண்டு சாவி. மேனேஜர் சாவி மட்டும் போட்டால் திறக்காது. நல்ல பாஸ்வேர்ட் மேனேஜரும் அப்படித்தான். உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்ட் கம்பெனிக்குத் தெரியவே கூடாது. உங்கள் போனிலேயே எல்லாவற்றையும் சங்கேதமாக்கி, அந்தப் புரியாத மூட்டையைத்தான் அவர்களிடம் அனுப்ப வேண்டும். ‘மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, மெயிலில் அனுப்புங்க’ என்று கேட்டால், ‘இதோ சார்’ என்கிற கம்பெனியிலிருந்து ஓடி வந்துவிடுங்கள். ‘எங்களிடமே இல்லையே’ என்று கையை விரிப்பவன்தான் யோக்கியன்.

லாஸ்ட்பாஸ் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊரே சிபாரிசு செய்தது. 2022 ஆகஸ்டில் திருடன் நுழைந்தான். வாடிக்கையாளர் விஷயம் எதுவும் போகவில்லை என்றார்கள். டிசம்பர் 22-ம் தேதி, லாக்கர்களின் பேக்கப் பிரதியே போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். மூத்த எஞ்சினீயர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மீடியா சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாகப் புகுந்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்திருக்கிறான். பாஸ்வேர்ட் காப்பாற்றும் கம்பெனியின் ஆசாமியிடமே!

போன லாக்கர்களுக்குள் பாஸ்வேர்ட்கள் சங்கேதத்தில்தான் இருந்தன. ஆனால் எந்தெந்த வெப்சைட் என்ற முகவரிகள் பச்சையாக இருந்தன. லாக்கர் கதவில் ‘உள்ளே வைர நெக்லஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி. மாஸ்டர் பாஸ்வேர்டை நீளமாக வைத்தவர்கள் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம். குட்டியாக வைத்தவர்களின் லாக்கரைத் திருடன் தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு சாவியாக வருஷக்கணக்கில் போட்டுப் பார்க்கலாம். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்கிற வசதியெல்லாம் அங்கே கிடையாது.

இதே லாஸ்ட்பாஸ்தான் 2021-ல், இலவசமாக வைத்திருந்தவர்களிடம் கம்ப்யூட்டரா மொபைலா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. இரண்டும் வேண்டுமென்றால் காசு. வியாபாரம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேரும்போதே வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்துவிடுங்கள். உங்கள் மொத்த லிஸ்ட்டையும் எக்ஸ்போர்ட் பண்ண முடியாத இடத்தில் காலே வைக்காதீர்கள். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை டெஸ்க்டாப்பில் அப்படியே போட்டு வைக்கிற புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். சாதாரண ஃபைல் அது, யார் திறந்தாலும் திறக்கும்.

என் சிபாரிசு? பிட்வார்டன். 2016-லிருந்து இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ், இலவசத்திலேயே போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் ஓடும். யாரையும் நம்ப மாட்டேன் என்கிற ரகம் என்றால் 2003-லிருந்து வரும் கீபாஸ்: ஃபைல் உங்களிடமே இருக்கும், தொலைத்தால் பொறுப்பும் உங்களுடையதே. உள்ளூர் சரக்குதான் வேண்டுமென்றால் ஸோஹோவின் வால்ட். இதெல்லாம் நமக்கு ஆகாது என்றால், போனிலேயே இருக்கும் கூகுள், ஆப்பிள் சமாச்சாரமே போதும். மகள் பெயருக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு லாபத்தை யாரும் சொல்வதில்லை. ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று எஸ்.எம்.எஸ். வருகிறது, அவசரத்தில் லிங்க்கை அழுத்துகிறீர்கள். அசல் வங்கி மாதிரியே பக்கம். உங்கள் கண் ஏமாறும். பாஸ்வேர்ட் மேனேஜர் ஏமாறாது. அது பார்ப்பது லோகோவை அல்ல, முகவரியை. ஒரு எழுத்து மாறினாலும் பாஸ்வேர்டை நிரப்பாமல் சும்மா இருக்கும். ‘என்னடா இது வேலை செய்யல’ என்று கையால் தட்ட ஆரம்பிக்காதீர்கள்.

கடைசியாக, கொஞ்சம் அபசகுனம். வங்கி லாக்கருக்கு நாமினி போடுகிறோம். இதற்கு? பாஸ்வேர்ட் எல்லாம் உங்கள் தலையோடு போய்விட்டால், துக்கத்தோடு துக்கமாக உங்கள் மனைவி எத்தனை ஆபீஸ் படி ஏறுவார் என்று யோசியுங்கள். கரண்ட் பில் கட்டக்கூட உங்கள் ஈமெயில்தான் வேண்டும். கூகுளில் 2013-லிருந்தும் ஆப்பிளில் 2021-லிருந்தும், நமக்குப் பின்னால் யார் பார்க்கலாம் என்று எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள். கூடவே, சம்பந்தமில்லாத ஐந்து வார்த்தைகளை உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டாக வைத்து, ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். சினிமாப் பாட்டு வரி வேண்டாம். கவர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருத்தருக்காவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.