புது விக்ரம் வீட்டுக்கு வந்துட்டார், பழைய விக்ரம் எங்கே?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க கடைசியா ஒரு படத்தைக் காசு கொடுத்து வாங்கினது எப்போ? பார்த்ததைக் கேக்கலை, வாங்கினதைக் கேக்கறேன்.

எனக்குத் தெரிஞ்சு நம்ம செட்டில் யாரும் வாங்கினதே இல்லை. ரீசார்ஜ் பண்ணினா மூணு மாசம் ஓடிடி ஃப்ரீ. இல்லைன்னா ரூம்மேட்டோட பாஸ்வேர்ட். அதுவும் இல்லைன்னா ஹாஸ்டலில் ரூம் ரூமா சுத்துற ஹார்ட் டிஸ்க். நானும் அதே கேஸ்தான், அதனால இதை அட்வைஸா எடுத்துக்காதீங்க. (எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. சந்திப்பிழைகளை எடிட்டர் குழு திருத்தியிருந்தா நன்றி, விட்டுப்போயிருந்தா மன்னிப்பு.)

விஷயம் 'விக்ரம்'. லோகேஷ் கனகராஜ் இயக்கிய படம் 2022 ஜூன் 3-ம் தேதி தியேட்டருக்கு வந்தது. ஜூலை 8-ம் தேதி ஓடிடிக்கே வந்துவிட்டது. சரியாக 35 நாள். அன்று வெள்ளிக்கிழமை. சிதம்பரத்தில் கிளாஸ் முடிஞ்சு பஸ் ஏறி, ராத்திரி எட்டரைக்குக் கடலூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷிப்ட் டியூட்டியால் அப்பா தியேட்டருக்குப் போகவே முடியலை. சாப்பாட்டுத் தட்டோட டிவி முன்னாடி உட்கார்ந்தோம். ஏஜென்ட் டீனா சண்டைக்கு அம்மாவே கைதட்டினாங்க. ரோலெக்ஸ் வந்தப்போ நான் கத்தினதில் பக்கத்து வீட்டு நாய் குரைச்சது.

படம் முடிஞ்சதும் அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "நல்லாதான்டா இருக்கு. அந்த ராக்கெட் படம் இதுல இருக்கா பாரு."

ராக்கெட் படம்னா 1986-ல் வந்த முதல் 'விக்ரம்'. இயக்கம் ராஜசேகர், கதை சுஜாதா. படம் தயாராகிட்டு இருக்கும்போதே அந்தக் கதை குமுதத்தில் தொடராகவும் வந்துச்சு. அக்னிபுத்ரா என்கிற ஏவுகணையை சத்யராஜ் கும்பல் கடத்திடும். ஏஜென்ட் விக்ரமும் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு பெண்ணும் அதைத் தேடி சலாமியா என்கிற கற்பனை தேசத்துக்குப் போவாங்க. நிஜமான அக்னி ஏவுகணையின் முதல் சோதனை நடந்தது 1989-ல். அதாவது படத்துக்கு மூணு வருஷம் கழிச்சு. சுஜாதா யாருன்னு நமக்குச் சொல்லவே வேண்டாம். எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படிச்சு, பெங்களூர் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் இருந்தவர். சுருக்கமா, நம்ம ஆளு.

"அது சயின்ஸ் ஃபிக்‌ஷனா? ஸ்பை படம் தானே?" என்று சிலர் கேப்பீங்க. இன்னைக்குப் பார்த்தா அப்படித்தான் தெரியும். ஆனா 1986-ல் கடலூரில் எட்டாவது படிச்ச ஒரு பையனோட இடத்தில் இருந்து பாருங்க. அவன் அதுவரை கம்ப்யூட்டரையே பார்த்ததில்லை. ஏவுகணையை ஒரு கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் என்பதே அவனுக்கு எதிர்காலம்தான். அந்தப் பையன்தான் எங்க அப்பா. பெரியப்பா சைக்கிளில் டபுள்ஸ் போய்ப் பார்த்த படம். பின்னாடி என்னை இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டதில் அந்த ராக்கெட்டுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

புதுப் படத்தில் ஏஜென்ட் இருக்கார், பெயர் இருக்கு, ராக்கெட் மட்டும் இல்லை. அதன் இடத்தில் போதைப்பொருள் கன்டெய்னர். அது இயக்குநரோட உரிமை, அதைப் பத்தி எனக்குச் சண்டை இல்லை. ஆனா பழசு எங்கே?

அன்னிக்கு எங்க வீட்டில் இருந்த ஆப்களில் எல்லாம் தேடினோம். கிடைச்சது யாரோ ஏத்தி வெச்சிருந்த ஒரு மங்கின பிரிண்ட். ஓரத்தில் ஒரு சேனல் லோகோ, முகமெல்லாம் சிவப்பா ஓடுது. அப்பா பத்து நிமிஷம் பார்த்துட்டு, "விடுடா, காலையில ட்யூட்டி இருக்கு"ன்னு எழுந்து போயிட்டார்.

இதில் கொடுமை என்னன்னா, எங்க வீட்டில் அந்தப் படத்தோட ஒரிஜினல் விசிடி இருந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போ ஏழாவது. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் அப்பா சேர்த்து வெச்சிருந்த அறுபது, எழுபது டிஸ்க்கும் சேத்துத் தண்ணியில் ஊறிப்போச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்ச சிலதைத் துடைச்சுப் போட்டுப் பார்த்தோம், ஒண்ணுகூட ஓடலை. கடைசியில் கொய்யா மரத்தில் கிளி வராம இருக்க நூல் கட்டித் தொங்கவிட்டார் அம்மா.

அதனால 'டிஸ்க் காலம் பொற்காலம்'னு நான் சொல்லப் போறதில்லை. வெள்ளம் வந்தா டிஸ்க் போகும். உரிம ஒப்பந்தம் முடிஞ்சா ஓடிடியில் இருந்தும் படம் போகும். நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்ச எல்லாருக்கும் தெரியும், இதுக்குப் பேர் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். பேக்கப்புக்கு நாம படிக்கிற விதி 3-2-1: மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற ஊரில். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு இருக்கிற பாதுகாப்புகூட நம்ம பழைய படங்கள் பலதுக்கும் இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்னைக்கு ஒரு பிரதிகூட இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கினதே 1964-ல் தான். அதுக்குள்ள போனது போனதுதான்.

வெளிநாட்டில் ஒரு உதாரணம் பாருங்க. 2009-ல் 'ஸ்டார் ட்ரெக்' புதுசா ரீபூட் ஆச்சு. புதுப் படம் வந்த அதே வருஷம் 1966-ல் ஆரம்பிச்ச பழைய தொடரையும், பழைய நடிகர்கள் நடிச்ச படங்களையும் சுத்தம் பண்ணி ப்ளூரேயில் விட்டாங்க. நவம்பரில் புதுப் படமும் டிஸ்க்கில் வந்துச்சு. புதுசைப் பார்த்துட்டு, "இவங்க முதல்ல எப்படி இருந்தாங்க?"ன்னு ஒரு பையன் கேட்டா, அவங்க அப்பா அலமாரியைக் காட்டலாம். அதை யாரும் தர்மத்துக்குப் பண்ணலை, புதுப் படத்தோட விளம்பரத்திலேயே பழசும் வித்துச்சு.

இங்கே யாரும் பழசைப் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லாதீங்க. 1964-ன் 'கர்ணன்' 2012-ல் புதுப்பிச்சு வந்தப்போ தியேட்டர் நிரம்புச்சு. 'ஆளவந்தான்' 2023-ல் திரும்ப வந்துச்சு. 2024-ல் 'கில்லி'க்கு நாமே எத்தனை பேர் கிளாஸ் கட் அடிச்சோம்? தியேட்டருக்கு வர்ற பழசு, வீட்டுக்கும் அதே தரத்தில் ஏன் வரக்கூடாது?

முயற்சியே நடக்கலைன்னும் சொல்ல முடியாது. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு ஒரு நாள் முன்னாடி டிடிஎச்-ல் 1000 ரூபாய்க்குக் காட்ட கமல்ஹாசன் திட்டம் போட்டார். தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தாங்க, அது நினைச்சபடி நடக்கலை. 2015 மார்ச்சில் சேரன், 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை சி2எச் திட்டத்தில் நேரா டிவிடியாவே வீட்டுக்குக் கொண்டுவந்தார். விலை 50 ரூபாய். அந்தத் திட்டம் நீடிக்கலை. ஏன்னு யோசிச்சா விரல் நம்ம பக்கமும் திரும்பும். 50 ரூபாய்க்கு ஒரிஜினல் வந்தாலும் ஓசி காப்பியைத் தேடுற ஊர் இது. ஹாஸ்டல் ஹார்ட் டிஸ்க்கை வெச்சுக்கிட்டு நான் இதை எழுதறதே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

"ப்ரோ, இப்ப லேப்டாப்பில் டிஸ்க் போட ஓட்டையே கிடையாது"ன்னு என் ரூம்மேட் சொல்றான். சரிதான். நான் கேக்கறது டிஸ்க் இல்லை. ஒருதடவை காசு கட்டினா என்கிட்டயே இருக்கிற மாதிரி ஒரு ஃபைல். பாட்டை அப்படி வாங்கின காலம் ஒண்ணு இருந்ததே. படத்துக்கும் அது முடியும். ஓடிடி வேண்டாம்னும் சொல்லலை. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க மூணு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சது ஓடிடிதான். அது வாடகை வீடு என்பதை மறந்துடக்கூடாது, அவ்வளவுதான்.

என் கருத்து இது. ஒரு பழைய படத்தோட பெயரை எடுத்துப் புதுப் படம் பண்ணுறவங்களுக்கு அந்தப் பழசு மேல ஒரு கடமை இருக்கு. பெயருக்கு மார்க்கெட் இருக்குன்னு தெரிஞ்சுதானே எடுக்குறாங்க? அப்போ புதுசு வீட்டுக்கு வர்ற அதே நாளில், பழசையும் சுத்தமான பிரிண்ட்டில், அதே இடத்தில் வைக்கணும். வாங்க நினைக்கிறவனுக்கு விக்கணும். கூடவே தமிழிலேயே சப்டைட்டில் போடணும். காது மந்தமான எங்க பாட்டி புது விக்ரமை முழுக்கப் பார்த்தாங்க, ஒரு வசனம்கூடப் புரியலை. இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்கத் தெரிஞ்ச எனக்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்ட பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

நம்ம பங்குக்கு ரெண்டு விஷயம். நல்ல பிரிண்ட் நியாயமான விலையில் வந்தா, ஒரு படமாவது காசு கொடுத்து வாங்குங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ பரணில், பீரோவுக்கு அடியில் பழைய ஒரிஜினல் டிஸ்க் இருக்கான்னு பாருங்க. இருந்தா தரையில் இருந்து மேலே எடுத்து வையுங்க. கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஐப்பசி, கார்த்திகை வருஷா வருஷம் வருது.

எங்க வீட்டுக் கொய்யா மரத்தில் இன்னும் நாலு டிஸ்க் தொங்குது. மேலே இருந்த எழுத்தெல்லாம் வெயிலில் அழிஞ்சுபோச்சு. அதில் விக்ரம் எதுன்னு அப்பாவுக்கே தெரியலை.